ராஜன் நீந்திய கடல்

அந்தமான் காடுகளில் இயல்பாக யானை கிடையாது. புலியும் கரடியும்கூடக் கிடையாது. கடல் பிரித்து வைத்த அந்தத் தீவுகளில் காட்டுப் பன்றிதான் பெரிய விலங்கு. ஆனாலும் நூறு வருடங்களுக்கு மேலாக அங்கே யானைகள் உழைத்திருக்கின்றன. எல்லாம் கப்பலில் வந்தவை, அல்லது கப்பலில் வந்த தாய்க்குப் பிறந்தவை. மரம் இழுக்க வந்த அந்தக் கூட்டத்தில் ராஜன் என்ற ஆண் யானை உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. நீலக் கடலுக்குள் நான்கு காலையும் வீசி நீந்திக்கொண்டிருக்க, கழுத்தில் பாகன் உட்கார்ந்திருக்கும் அந்தப் படத்தை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். 2016-இல் ராஜன் இறந்துவிட்டது. அது உழைத்த இடங்களையும் ஓய்ந்த இடத்தையுமாவது பார்க்க வேண்டும் என்று ஒரு ஜனவரியில் சென்னையிலிருந்து கிளம்பினேன்.

விமானத்தில் இரண்டு மணி நேரத்துச் சொச்சம். கப்பலில் போனால் மூன்று நாள். இறங்குகிற ஊருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். ஆட்டோக்காரரிலிருந்து ஓட்டல்காரர் வரை எல்லோரும் இன்னும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்கிறார்கள். எல்லோரும் முதலில் செல்லுலார் சிறைக்குப் போவார்கள். நான் சாத்தம் மர ஆலைக்குப் போனேன். அந்தமான் யானைகளின் உழைப்பெல்லாம் கடைசியில் வந்து குவிந்த இடம் அது.

சாத்தம் ஒரு சின்னத் தீவு. ஊரோடு அதை ஒரு பாலம் இணைக்கிறது. 1883-இல் ஆங்கிலேயர் தொடங்கிய ஆலை இன்றும் அரசின் கையில் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் ஈர மரத்தூளின் வாசனை மூக்கில் ஏறிக்கொண்டு விடுவதில்லை. தண்டவாளத்தில் தள்ளுவண்டிகள் மரத்தை ஏற்றிக்கொண்டு ஊர்கின்றன. அறுத்து வைத்த படாக் மரப் பலகையின் சிவப்பு, புதிதாகச் சுட்ட செங்கல்லைப் போலக் கண்ணை இழுக்கிறது. இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டு பறித்த பள்ளத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே வனத்துறையின் அருங்காட்சியகம், மரச் சிற்பங்களோடு. பார்க்க வருகிறவர்கள் குண்டுப் பள்ளத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் அறுப்பு இயந்திரத்தின் அருகே வெகு நேரம் நின்றேன். ஒரு தீவின் மலைச்சரிவில் நின்ற மரம் இன்னொரு தீவின் ரம்பத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதில்தான் யானையின் கதை இருக்கிறது.

அந்தமான் மேடும் பள்ளமுமான பூமி. வருடத்தில் முக்கால் பங்கு மழையும் சேறும். பெரும்பாலான தீவுகளில் சாலை என்று எதுவும் இருந்ததில்லை. படாக், கர்ஜன் போன்ற மரங்களைச் சாய்த்துத் துண்டு போட்டால், அவற்றைச் சரிவிலிருந்து கரைக்கு இறக்க யானையை விட்டால் வேறு கதி இல்லை. நெஞ்சுப் பட்டையும் சங்கிலியும் மாட்டி, ஒரு துண்டை இழுத்துக்கொண்டு ஓடை வழியாக இறங்கும். பள்ளத்தில் கட்டை மாட்டிக்கொண்டால் நெற்றியால் முட்டித் தள்ளும். கரையில் சேர்ந்த மரம் தெப்பமாகவும் படகுகளிலும் சாத்தத்துக்குப் போகும். ரயில் தண்டவாளத்தின் அடிக்கட்டை, வீட்டு உத்தரம், ஒட்டுப்பலகை, தீக்குச்சி என்று அதிலிருந்து எத்தனையோ பொருள்கள் இந்தியப் பெருநிலத்துக்கு வந்தன. ஒரு தீவில் வெட்டு முடிந்தால் முகாமைத் தூக்கிக்கொண்டு அடுத்த தீவுக்குப் போக வேண்டும். ஆட்களுக்குப் படகு இருக்கிறது. மூன்று நான்கு டன் எடையுள்ள யானையை ஒவ்வொரு முறையும் எந்தப் படகில் ஏற்றுவது? கடலில் இறக்கி நீந்த விட்டார்கள்.

ஆலை வாசலில் ஒரு தேநீர்க் கடை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் பேச்சைக் கேட்டதும், "மெயின்லேண்டுல எந்த ஊரு தம்பி?" என்றார். தீவில் வாழும் தமிழர்களிடமிருந்து முதலில் வரும் கேள்வி அதுதான். அவருடைய அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர். இவர் இளவயதில் மரம் ஏற்றும் கூலி வேலை பார்த்திருக்கிறார். யானை என்றதும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"லாரி போகாத எடத்துக்கு யானை போகும் தம்பி. கடலுக்குள்ள இறங்குனா மொதல்ல வயிறு மறையும், அப்பறம் முதுகு மறையும், காது மறையும். கடைசில தும்பிக்கை நுனி மட்டும் வெளிய நிக்கும். தூரத்துலேருந்து பாத்தா பாகன் தண்ணி மேல சும்மா உக்காந்து போற மாதிரி இருக்கும்."

"பயப்படாதாங்க ஐயா?"

"மனுசனுக்குத்தான் பயம். அது ஒரு தடவ பழகிருச்சுன்னா, கரையப் பாத்ததும் சங்கிலியக் கழட்டச் சொல்லி நிக்கும். கடலுக்குள்ள போனா அன்னிக்கு மரம் இழுக்க வேண்டாம்னு அதுக்குத் தெரியும்."

கடைசி வாக்கியத்தை அவர் சிரிக்காமல்தான் சொன்னார். வருடக் கணக்காக ஒரே வேலைக்களத்தில் யானையோடு நின்றவர் சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

யானை நீந்துவது மனிதன் கற்றுக்கொடுத்த வித்தை இல்லை. அதன் உடலிலேயே அந்தத் திறமை இருக்கிறது. மற்ற பாலூட்டிகளுக்கு நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையில் மெல்லிய இடைவெளி ஒன்று உண்டு. யானைக்கு அந்த இடம் இணைப்புத் திசுவால் நிரம்பியிருக்கிறது. ஏன் இப்படி என்பதற்கு ஜான் வெஸ்ட் என்ற உடலியல் அறிஞர் 2000-களின் தொடக்கத்தில் ஒரு விளக்கம் சொன்னார். உடல் முழுவதும் நீருக்குள் ஆழத்தில் இருக்க, மேலே நீட்டிய தும்பிக்கை வழியாக மூச்சு இழுத்தால், நீரின் அழுத்தத்துக்கும் காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் சாதாரண சவ்வில் இருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெடித்துவிடும். யானையின் அந்தக் கெட்டியான திசு அதைத் தாங்கிக்கொள்கிறது. இன்று உயிரோடு இருக்கும் விலங்குகளில் யானைக்கு நெருங்கிய சொந்தங்களில் ஒன்று கடற்பசு. அந்தமான் நிக்கோபாரின் அரசு விலங்கும் கடற்பசுதான். நம் பாக் விரிகுடாவில் 2022-இல் தமிழக அரசு பாதுகாப்பகம் அமைத்தது இதே கடற்பசுவுக்குத்தான். நிலத்தில் மலைபோல நடக்கிற யானையின் உறவுக்காரர்கள் இன்னும் கடலடியில் புல் மேய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

2017 ஜூலையில் இலங்கையின் கொக்கிளாய்க் கடலில் யானை நீந்துவதை உலகமே பார்த்தது. கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி ஒரு காட்டு யானை தும்பிக்கையை மேலே நீட்டிக்கொண்டு தத்தளித்துக்கொண்டிருந்தது. ரோந்து போன கடற்படையினர் அதைக் கண்டு, முக்குளிப்பவர்களை இறக்கிக் கயிறு கட்டி, மணிக்கணக்கில் மெதுவாக இழுத்துக் கரை சேர்த்தார்கள். அங்குள்ள களப்பை, அதாவது உப்பங்கழியை, குறுக்கே கடக்கும்போது நீரோட்டம் அதை இழுத்துப் போயிருக்கும் என்றார்கள். யானைக்கு நீந்தத் தெரியும். எவ்வளவு தூரம், எந்த நீரோட்டத்தில், எப்போது நிறுத்துவது என்பது வேறு விஷயம். அந்தமானில் அதைப் பார்த்துக்கொள்வது பாகனின் வேலையாக இருந்தது.

ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து அரசுப் படகில் ஹேவ்லாக் போனேன். 2018 முதல் அதன் அரசுப் பெயர் ஸ்வராஜ் தீவு. தனியார் படகுகள் வேகமாகப் போகின்றன, ஆனால் கண்ணாடிக் கதவுக்குள் உட்கார வேண்டும். அரசுப் படகில் மேல்தட்டில் நிற்கலாம். தீவுக்கும் தீவுக்கும் நடுவில் விரிகிற நீரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கரைக்குப் பக்கத்தில் பச்சை, கொஞ்சம் தள்ளினால் நீலம், நடுக்கடலில் கறுப்பு. இதற்குள் ஒரு யானையை இறக்க எப்படிப்பட்ட நம்பிக்கை வேண்டும்! பாகன் யானை மீது வைத்த நம்பிக்கை பெரிது. யானை பாகன் மீது வைத்தது அதைவிடப் பெரிது. அவன் காலால் காதுக்குப் பின்னால் தட்டுகிற பக்கம் கரை இருக்கும் என்று நம்பித்தானே அது போனது.

ஹேவ்லாக்கில் பெரும்பாலும் வங்காளிகள். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்கு அரசு இங்கே நிலம் கொடுத்துக் குடியேற்றியது. கோவிந்த் நகர், விஜய் நகர், ஷ்யாம் நகர், கிருஷ்ணா நகர், ராதாநகர் என்று ஊர்ப் பெயர்களெல்லாம் வைஷ்ணவப் பெயர்கள். கடற்கரைகளுக்கு மட்டும் நம்பர். ராதாநகர் என்றால் ஏழாம் நம்பர். ஜனவரியில் ஐந்தேகால் மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடுகிறது. நம் நேரத்தை நம்பிப் போனால் இருட்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். மதியமே போய் உட்கார்ந்தேன். அகலமான வெள்ளை மணல். அதன் விளிம்பில் கடல் மஹுவா மரங்கள் ஆளுயரத்தைத் தாண்டி வெகு உயரம் வரை கிளையே இல்லாமல் நேராக எழுந்து நிற்கின்றன. 2004-இல் டைம் பத்திரிகை இதை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியதிலிருந்து கூட்டம் வரத் தொடங்கியது. இந்த மரங்களுக்கு அடியில்தான் ராஜன் நடந்தது. இந்த நீரில்தான் அது கடைசிக் காலத்தில் நீந்தியது.

அதன் வாழ்க்கையை இப்படிச் சொல்லலாம். 1950 வாக்கில் பிறந்தது. 1970-களில் வேறு சில யானைகளோடு கப்பலேறி அந்தமானுக்கு மரம் இழுக்க வந்தது. கடலில் இறங்கப் பழக்கினார்கள். அதற்குப் பிறகு வருடக் கணக்காகக் காடும் கரையும் கடலும்தான். 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை ஏற்று, அந்தமானில் இயற்கையாக வளர்ந்த மரங்களை வணிகத்துக்காக வெட்டுவதை நிறுத்தியது. காடுகளுக்கு அது உயிர்ப்பிச்சை. அந்த உத்தரவை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அன்றோடு யானைகளுக்கு வேலை இல்லாமல் போனது. ராஜனுக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில், இன்னொருவருக்குச் சொந்தமான ராஜனை ஹேவ்லாக்கில் இருந்த பேர்ஃபுட் என்ற விடுதி வைத்திருந்தது. தர்செம் என்ற இந்திய வம்சாவளி இயக்குநர் தன்னுடைய 'தி ஃபால்' படத்துக்காக யானை நீந்துவதைக் கடலுக்கடியிலிருந்து படம் பிடித்தார். 2006-இல் அந்தப் படம் வெளியானதும் உலகத்துப் புகைப்படக்காரர்கள் ராதாநகரைத் தேடி வந்தார்கள். பிறகு, உரிமையாளர் ராஜனை விற்றுவிடுவார், கேரளத்துக் கோயில் ஒன்றுக்குப் போய்விடும் என்ற பேச்சு எழுந்தது. மூன்று நாள் கப்பல், பிறகு லாரி, பிறகு கோயில் வாசலில் சங்கிலி. கடலில் குளித்துப் பழகிய கிழட்டு யானைக்கு அது எப்படி இருக்கும்? விடுதியார் பணம் திரட்டி ராஜனை வாங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அது தீவை விட்டுப் போகவில்லை. ஏறத்தாழ 66 வயதில் அங்கேயே இறந்தது. அந்தமான் கடலில் நீந்திய வேலை யானைகளில் அதுதான் கடைசி என்பார்கள்.

புகைப்படங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பணம் கட்டினால் ராஜனோடு கடலில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அந்தப் பணம்தான் அதன் தீனிக்கும் பாகனின் சம்பளத்துக்கும் போனது என்பதால் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு யானை ஒரு நாளைக்கு இருநூறு கிலோ வரை தின்னும். தீவில் அதை இலவசமாக யார் போடுவார்கள்? எனக்கு வருத்தம் வேறு இடத்தில். அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு ராஜன் ஆனந்தமாக விளையாடும் ஒரு பிராணியாகத் தெரிந்தது. அது நீந்தக் கற்றது விளையாட்டுக்காக இல்லை. வேலைக்குப் போகிற வழி அது. மரம் இழுத்து, சேற்றில் இறங்கி, அடுத்த தீவுக்கு நீந்தி, மறுநாள் மறுபடி மரம் இழுத்த முப்பது வருடம் எந்தப் படத்திலும் இல்லை. எத்தனை கட்டை இழுத்தது, எந்தெந்த நீரிணையைக் கடந்தது என்று எந்தப் படத்தின் கீழும் எழுதியிருக்கவில்லை.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குதிரை நினைவுக்கு வரும். அதன் பெயர் ரெட் ரம். கிண்டியில் நாம் பார்த்ததெல்லாம் சமதரைப் பந்தயம். இங்கிலாந்தில் லிவர்பூல் அருகே ஐன்ட்ரீயில் நடக்கும் கிராண்ட் நேஷனல் தடை தாண்டும் பந்தயம். ரெட் ரம் ஓடிய காலத்தில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் தூரம், முப்பது வேலிகள். குதிரைகள் விழும், சவாரிக்காரர்கள் தூக்கி எறியப்படுவார்கள். உயிர் போவதும் உண்டு. அதில் மூன்று முறை வென்ற ஒரே குதிரை ரெட் ரம். 1973, 1974, பிறகு 1977. நடுவில் இரண்டு வருடம் இரண்டாம் இடம்.

அதற்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ரெட் ரம்முக்குக் குளம்பெலும்பில் நோய். அந்த நோய் இருந்த குதிரையை ஆறாயிரம் கினிக்கு வாங்கிய பயிற்சியாளர் ஜிஞ்சர் மெக்கெய்ன், சவுத்போர்ட் ஊரில் கார் விற்கும் கடை வைத்திருந்தவர். குதிரை லாயம் கடைக்குப் பின்னால். பெரிய பயிற்சி மைதானமெல்லாம் அவரிடம் இல்லை. கடற்கரை மணலில்தான் ஓட்டினார். அலையில் நிறுத்தி நடத்தினார். குளிர்ந்த உப்புநீர் குளம்பின் வலியைக் குறைத்தது. மணல் காலைத் தாங்கியது. 1973-இல் க்ரிஸ்ப் என்ற ஆஸ்திரேலியக் குதிரை வெகு தூரம் முன்னால் போய்விட்டது. அதன் மீது ரெட் ரம்மைவிட அதிக எடை. கடைசி நேர் ஓட்டத்தில் அது தள்ளாட, ரெட் ரம் எட்டிப் பிடித்து முக்கால் குதிரை நீளத்தில் வென்றது. அந்த வெற்றியைப் பார்த்தவர்களில் பலர் க்ரிஸ்ப்புக்காக வருந்தினார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

1978-இல் கால் எலும்பில் மெல்லிய கீறல் விழுந்ததால் ரெட் ரம் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றது. அதற்குப் பிறகு பதினேழு வருடம் வாழ்ந்தது. கடை திறப்பு, விழா, தொலைக்காட்சி என்று அதன் இரண்டாவது வாழ்க்கையும் பரபரப்பாகவே போனது. 1995-இல் முப்பது வயதில் இறந்தபோது ஐன்ட்ரீயில் வெற்றிக் கம்பத்தின் அருகிலேயே புதைத்தார்கள். பிறந்த தேதி, தாய் தந்தை பெயர், ஓடிய ஒவ்வொரு பந்தயம், சுமந்த எடை, முடித்த நேரம் எல்லாம் இன்றும் பதிவில் இருக்கின்றன. ஆனால் கிராண்ட் நேஷனலில் ஓடித் தோற்று, லாபமில்லை என்று கை மாறிப்போன குதிரைகளை யாரும் அப்படித் தேடிப் பார்ப்பதில்லை. ரெட் ரம்முக்கும் ராஜனுக்கும் நல்ல முதுமை கிடைத்தது. இரண்டுக்குமே அது புகழால் கிடைத்தது. மற்றவற்றின் கதி என்ன என்ற கேள்வியோடுதான் நான் வடக்கே போனேன்.

அந்தமான் நெடுஞ்சாலையில் போகவில்லை. அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. 2002-இல் மரம் வெட்டுவதை நிறுத்திய அதே உத்தரவு, அந்தக் காட்டுக்குள் ஓடும் சாலைப் பகுதியையும் மூடச் சொன்னது. வண்டிகள் இன்னும் வரிசையாகப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஹேவ்லாக்கிலிருந்து ரங்கத்துக்குக் கடல் வழி இருக்கும்போது அதில் ஏறிக்கொள்வதே சரி என்று பட்டது. படகு லாங் ஐலண்டைத் தொட்டுவிட்டுப் போகிறது. ரங்கத்தில் இறங்கிப் பேருந்து நிலையத்துக்குப் போனால் தமிழ் காதில் விழுகிறது. இட்லி கிடைக்கிறது. அங்கிருந்து மாயாபந்தருக்குப் பேருந்து.

மாயாபந்தருக்கு அருகே வெபி என்ற ஊர். 1925-இல் பர்மாவிலிருந்து கரேன் மக்களைக் காட்டு வேலைக்காகக் குடியேற்றியபோது உருவான ஊர். தேக்குக் காட்டு நாட்டிலிருந்து வந்தவர்கள் அவர்கள், யானையோடு பழக்கம் உள்ளவர்கள். சோட்டா நாக்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓராவோன், முண்டா மக்களும் அந்தமான் காடுகளில் உழைத்தவர்கள். அவர்களை எல்லாம் சேர்த்து ராஞ்சிக்காரர்கள் என்பார்கள். அந்தமானில் யானை வேலை என்றால் இப்படிப் பல ஊர்க்காரர்கள் சேர்ந்த வேலை. பர்மிய யானைப் பேச்சும் இந்தியும் ஒரே முகாமில் கலந்து ஒலித்திருக்கின்றன. ஊரை விட்டுக் கொண்டுவரப்பட்ட மனிதர்களும் ஊரை விட்டுக் கொண்டுவரப்பட்ட விலங்குகளும் ஒன்றாக இறங்கிய காடு அது.

மாயாபந்தருக்கு மேற்கே கடலுக்குள் இன்டர்வியூ தீவு இருக்கிறது. இப்போது சரணாலயம், அனுமதி இல்லாமல் போக முடியாது. நான் போகவில்லை. ஜெட்டியில் நின்று மேற்கே பார்த்ததோடு சரி. பி.சி. ராய் என்ற தனியார் நிறுவனம் வடக்கு அந்தமானில் மரம் வெட்டும் குத்தகை எடுத்திருந்தது. 1962 வாக்கில் நிறுவனம் நொடித்துப்போனது. இருந்த யானைகளில் நாற்பது அளவில் இன்டர்வியூ தீவில் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். சங்கிலி கழற்றப்பட்ட அந்த யானைகள் திரும்பவும் காட்டு யானைகளாயின. குட்டி போட்டன. தலைமுறைகள் கடந்து அவற்றின் வாரிசுகள் அங்கே வாழ்ந்துகொண்டிருக்கின்றன.

இதைக் கேட்டதும் எல்லோருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தமான் காடுகளை நீண்ட காலம் ஆராய்ந்த ரவூஃப் அலி போன்றவர்கள் இதன் மறுபக்கத்தையும் எழுதியிருக்கிறார்கள். யானையே இல்லாமல் வளர்ந்த காடு அது. மரப்பட்டையை யானை உரித்துத் தின்றால் அந்த மரங்களுக்குத் தாங்கத் தெரியாது. தாழை இனங்கள் குறைந்தன. ஆங்கிலேயர் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்களும் சேர்ந்துகொண்டன. அவற்றை அடிக்க அந்தத் தீவுகளில் புலியும் சிறுத்தையும் இல்லை. யானை மரத்தைச் சாய்க்க, அதனடியில் முளைக்கும் கன்றை மான் தின்றுவிடும். காடு தன்னை மறுபடி நிரப்பிக்கொள்ள முடியாமல் மெலிந்தது. யானைகள் மேல் இதில் குற்றம் ஏது? கூலிக்குக் கொண்டுவந்தவர்கள் கணக்கை முடிக்காமல் போனார்கள். அந்தக் கணக்கைக் காடு கட்டிக்கொண்டிருக்கிறது.

நாற்பது யானைகளுக்கு விடுதலை கிடைத்தது ஒரு நிறுவனம் திவாலானதால். ராஜனுக்கு முதுமை அமைந்தது அதைப் படம் பிடித்தவர்களாலும் வாங்கியவர்களாலும். இரண்டுமே தற்செயல். வாழ்நாளெல்லாம் உழைத்த ஒரு பிராணியின் கடைசி இருபது வருடம் தற்செயலை நம்பி இருக்கக் கூடாது என்பதுதான் இந்தப் பயணம் முழுக்க என்னை அரித்த எண்ணம். அப்படி இல்லாமல் செய்யவும் முடியும். பர்மாவின் அரசு மர நிறுவனம் ஒவ்வொரு யானைக்கும் குறிப்பேடு வைத்திருந்தது. பிறப்பு, தாய், பழக்கிய வருடம், நோய், பிரசவம் எல்லாம் அதில் எழுதப்பட்டன. பதினேழு பதினெட்டு வயதில் முழு வேலை தொடங்கும், ஐம்பதைத் தாண்டியதும் ஓய்வு. குறிப்பேடு இருப்பதால் மட்டும் யானையின் வாழ்க்கை சுகமாகிவிடாது. ஆனால் எழுதி வைத்த உயிரை மறந்துபோவது கொஞ்சம் கடினம்.

நம் ஊரிலும் கலீம் என்ற யானை இருக்கிறது. டாப்ஸ்லிப் பக்கத்தில் கோழிகமுத்தி முகாம் யானை. ஊருக்குள் இறங்கும் காட்டு யானைகளை விரட்டவும் பிடிக்கவும் தமிழக வனத்துறை நம்பியிருந்த கும்கிகளில் முதல் பெயர் அதுதான். 99 நடவடிக்கைகளில் இறங்கியிருக்கிறது. மதம் கொண்ட காட்டுக் கொம்பனுக்கு எதிரே, முதுகில் பாகனைச் சுமந்துகொண்டு, ஓடாமல் நிற்பது எப்படிப்பட்ட துணிச்சல் என்று முகாமில் இருக்கும் மலசர் பாகன்களைக் கேட்டால் சொல்வார்கள். 2023 மார்ச்சில், அறுபது வயதில், கலீமுக்குப் பணி ஓய்வு கொடுத்தார்கள். வனத்துறையினர் வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது கண் கலங்கியது.

சல்யூட்டைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு வருகிற சாப்பாடு. யானைக்கு வாழ்நாளில் ஆறு தொகுதிக் கடைவாய்ப் பற்கள் அடுத்தடுத்து வரும். அறுபதுக்கு மேல் கடைசிப் பல்லும் தேயத் தொடங்கும். பல் தேய்ந்தால் மூங்கிலும் பட்டையும் மெல்ல முடியாது. காட்டில் கிழட்டு யானைகள் பல பட்டினியில் சாகின்றன. முகாமில் ராகியும் கொள்ளும் வேகவைத்து, வெல்லம் சேர்த்து, பெரிய உருண்டைகளாகப் பிடித்து வாயில் ஊட்டுகிறார்கள். தழையை நறுக்கிப் போடுகிறார்கள். கால் நகத்தைத் தேய்த்துவிடுகிறார்கள். மருத்துவர் வந்து எடை பார்க்கிறார். வேலை எதுவும் செய்யாத ஒரு யானைக்காக ஒவ்வொரு நாளும் அடுப்பு மூட்டி, ராகி வாங்கி, ஒரு பாகனுக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும். அந்தச் செலவு துறையின் வரவுசெலவில் ஒரு வரியாக இருக்கிறது. அந்தமானில் படாக் மரம் விற்ற காசிலிருந்து, அதைக் கரைக்கு இழுத்து வந்த ஒவ்வொரு யானைக்கும் அப்படி ஒரு வரி எழுதப்பட்டிருக்க வேண்டும்.